மேகத்தில் நீர் இறைத்த பெண்கள்

திங்கள்தோறும் இப்பக்கத்தில் ஒரு நூலை எடுத்துக்கொண்டு எழுதுவது நம் வழக்கம். இம்முறை நூலை விட்டு, நூலை வாசிப்போரைப் பற்றி எழுதும்படி ஆகிவிட்டது. காரணம், வலீமா விருந்தொன்றிற்காக நான் மேற்கொண்ட அல்லிநகரப் பயணம்.

விருந்து முடிந்து, லுஹர் தொழுகையும் முடிந்து, அக்காவின் வீட்டுத் திண்ணையில் உறவினர் பலர் சாய்ந்திருந்த வேளை. பேச்சு ஏலக்காய் விலையில் தொடங்கி, போடி வரை வந்துவிட்ட இரயிலுக்குத் தாவி, பிள்ளைகளின் படிப்பில் வந்து நின்றது. "மாமா, நீங்கள்தான் புத்தகம் புத்தகம் என்று எழுதுகிறீர்களே, இவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்று அக்காவின் மகன் தன் மகளைச் சுட்டிக் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. குற்றச்சாட்டு இதுதான்: பாடப் புத்தகம் அல்லாத நேரமெல்லாம் பேய், மந்திரம், வேற்றுக் கிரகம் என்று கண்ட கதைகளைக் கைப்பேசியில் படிக்கிறாள். தேர்வு நெருங்குகிறது. அத்துடன், இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதும் பொய்யைப் படிப்பதே பாவம் அல்லவா என்ற ஐயமும் அவருக்கு இருந்தது.

உடனே தீர்ப்பளிக்க எனக்கு மனம் வரவில்லை. திண்ணையிலிருந்த ஒவ்வொருவரிடமும், "நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினேன். பதில்கள் வேடிக்கையாக இருந்தன.

எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் தாம் கதையே படிப்பதில்லை என்றார். சற்றுத் துருவியதும், தேநீர்க் கடையில் 'தினத்தந்தி'யை விரித்தால் முதலில் கண் போவது 'கன்னித்தீவு'க்குத்தான் என்று ஒப்புக்கொண்டார். 1960-இல் தொடங்கிய அந்தப் படக்கதையின் நாயகன் சிந்துபாத், ஆயிரத்தோரு இரவுகள் கதைகளிலிருந்து நம் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்தவன். மந்திரவாதியும் அற்புத விலங்குகளும் நிறைந்த கதையைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த அப்பெரியவர்தாம், பெண்பிள்ளை படிப்பதைக் கண்டு தலையை அதிகமாக ஆட்டியவர்!

பள்ளி ஆசிரியரான மருமகன் ஒருவர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை மீண்டும் படித்துக்கொண்டிருக்கிறாராம். எண்பதுகளில் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே காத்திருந்த வீடுகள் பல. மனிதரின் பெயர், ஆயுள், பிள்ளைப்பேறு அனைத்தையும் அரசே தீர்மானிக்கும் நாடொன்றைச் சுஜாதா அதில் படைத்தார். கதை நிகழ்வதாக அவர் குறித்த 2020-களுக்கு நாமே வந்து சேர்ந்துவிட்டோம். எல்லா வேலைக்கும் அடையாள எண் கேட்கப்படும் காலத்தில் அதைப் படித்தால் சிரிப்பு முன்போல் வருவதில்லை என்றார் மருமகன். சுஜாதா 2008-இல் மறைந்தார். இன்று இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பெண்கள் பகுதியிலிருந்து வந்த பதில்களை அக்காவே தொகுத்துச் சொன்னார். இளம் மருமகள்மார் 'பிரதிலிபி' போன்ற செயலிகளில் தொடர்கதை படிக்கின்றனர். மறுபிறவி, மாய உலகம், அமானுஷ்யம் என்று வகை வகையாக வருகின்றனவாம். அவற்றுள் சிலவற்றை நானும் புரட்டினேன். நடை தடுமாறுவது உண்மை. ஒரே கதையை ஊர் பெயர் மாற்றி எழுதுவதும் உண்மை. எனினும் எழுதுவோரில் பலர் அடுப்படி வேலை முடித்து அமரும் குடும்பப் பெண்கள் என்பதை எண்ணும்போது, குறை சொல்ல எடுத்த பேனா தயங்குகிறது.

கல்லூரி மாணவனான பேரன் ஒருவன் கேட்ட கேள்விதான் அன்றைய பிற்பகலில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் எழுதிய 'டியூன்' என்ற ஆங்கில நாவலை அவன் படித்துக்கொண்டிருந்தான். 2021-லும் 2024-லும் திரைப்படமாக வந்த கதை அது. "நன்னா, இதில் மஹ்தி என்கிறார்கள், ஜிஹாத் என்கிறார்கள். எங்கோ விண்வெளியில் நடக்கும் கதைக்கு நம்முடைய சொற்கள் ஏன்?" என்றான். நல்ல கேள்வி. துளி நீரையும் கணக்கிட்டு வாழும் பாலைவன மக்களைப் படைக்க முற்பட்ட ஹெர்பர்ட், அரபு மொழியிலிருந்தும் முஸ்லிம்களின் வரலாற்றிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டார். இழிவுபடுத்தும் நோக்கம் அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மீட்பராக வருகின்ற தலைவனைக் கண்மூடி நம்பாதீர்கள் என்பதே அவர் விடுத்த எச்சரிக்கை. ஆனாலும், அம்மக்களை வழிநடத்த வெளியுலக இளவரசன் ஒருவன்தான் வர வேண்டியிருக்கிறது என்பது தொண்டையில் சிக்கும் முள்தான். திரைப்படம் எடுத்தவர்களோ ஜிஹாத் என்ற சொல்லைத் தவிர்த்துப் 'புனிதப் போர்' என்று மாற்றிக்கொண்டனர். அறுபதுகளில் எழுத முடிந்த சொல்லை இன்று உச்சரிக்க அஞ்சுகிறார்கள் என்பதே ஒரு தனிக் கதை.

இனி, பொய் பற்றிய ஐயத்துக்கு வருவோம். இறைமறை கூறும் அற்புதங்கள் நமக்கு ஈமானைச் சேர்ந்தவை. அவற்றைக் கதைகளோடு ஒரே தட்டில் வைப்பது கூடாது. அதேபோன்று, சூனியம் செய்வது வேறு, சூனியக்காரன் வரும் கதையைக் கதையென்று அறிந்தே படிப்பது வேறு. நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர் என்றே நினைக்கிறேன். முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் காலத்தால் மூத்தது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. 1572-இல், அல்லிநகரத்திற்கு அடுத்த பெருநகரான மதுரையிலேதான் அரங்கேறியது. அதன் மற்றொரு பெயர் 'அதிசய புராணம்'. பின்னர் கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் வந்தன. மாலை வேளைகளில் ஒருவர் இராகமிட்டுப் படிக்க, தெருவே கூடிக் கேட்ட காலம் அது. 1885-இல் இலங்கையில் சித்திலெவ்வை அவர்கள் எழுதிய 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. கெய்ரோ நகரில் களவுபோன குழந்தையின் வீர சாகசக் கதை அது. எழுதியவரோ மார்க்கக் கல்வியையும் பெண் கல்வியையும் வளர்த்த பெருமகன்.

கடல் கடந்து பார்த்தால் இன்னும் பழையது இருக்கிறது. அந்தலூசிய மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு துஃபைல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'ஹை இப்னு யக்ளான்' என்ற கதையை எழுதினார். மனிதரற்ற தீவில் பெண்மான் ஒன்று வளர்த்த குழந்தை, தன் அறிவாலேயே ஆராய்ந்து ஆராய்ந்து இறைவனை உணர்வது கதை. 1671-இல் இலத்தீனிலும், 1708-இல் அரபு மூலத்திலிருந்து ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. தீவில் தனித்து வாழும் ராபின்சன் குரூசோவின் கதை 1719-இல்தான் வெளிவந்தது.

இவற்றையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பெண்பிள்ளை தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "நன்னா, அத்தா என்ன படிக்கிறேன் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நீங்களாவது பாருங்கள்" என்றாள். திரையில் இருந்தது 'சுல்தானாவின் கனவு'. மூல ஆங்கிலத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருசேர வந்தன. வெட்கத்திற்குக் காரணம், அக்கதையை என் ஐம்பதாவது வயதுக்குப் பின்னரே நான் அறிந்தேன் என்பது.

எழுதியவர் ரொகையா சகாவத் ஹுசைன். 1880-இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில், கோஷா முறை இறுகிய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அரபும் உருதும் மட்டுமே பெண்களுக்கு அனுமதி. இரவில் வீடு உறங்கிய பின், மூத்த சகோதரர் விளக்கொளியில் அவருக்கு வங்காளமும் ஆங்கிலமும் கற்றுக் கொடுத்தார். மணந்தவரோ பீகார் பாகல்பூரில் துணை நீதிபதி. படிக்கவும் எழுதவும் தூண்டிய நல்ல மனிதர். அவர் அலுவல் நிமித்தம் இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தபோது, பொழுது போக்குவதற்காக ரொகையா எழுதியதே இக்கதை. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, பயங்கரமாகப் பழிவாங்கிவிட்டாய் என்ற பொருள்படச் சொன்னாராம்.

கதை வெளிவந்த இடம்தான் நமக்கு முக்கியம். 1905-இல், கமலா சத்தியநாதன் அவர்கள் சென்னையிலிருந்து நடத்திய ஆங்கிலப் பெண்கள் இதழில் அது அச்சாயிற்று. வங்கத்து முஸ்லிம் பெண்மணியின் கனவுக்கு முதலில் மை தந்தது நம் சென்னைப் பட்டணம்.

கனவில் வரும் நாட்டில் பெண்கள் வீதியில் அச்சமின்றி உலவுகின்றனர். ஆண்கள் வீட்டினுள் அடைந்திருக்கின்றனர். சமையல் சூரிய வெப்பத்தால் நடக்கிறது, புகையே இல்லை. வான ஊர்தி உண்டு. எவ்வாறு வந்தது இவ்வளவும்? அந்நாட்டு அரசி எல்லாப் பெண்களும் கல்வி பெற வேண்டும், இருபத்தொரு வயதுக்கு முன் திருமணம் கூடாது என்று ஆணையிட்டார். பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை வானில் நிறுத்தி மேகத்திலிருந்தே நீர் இறைத்தது. மற்றொன்று, சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவி கண்டது. ஆண்கள் படை பெருக்கியபடி இவற்றைக் கேலி செய்தனர். எதிரி படையெடுத்து வந்து ஆண்கள் தோற்றபோது, அந்தச் சூரிய வெப்பத்தைப் பாய்ச்சியே பெண்கள் நாட்டைக் காத்தனர்.

கதையில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. ஒரு சாராரை அடைத்ததற்கு மறு சாராரை அடைப்பது விடையாகாது. ரொகையாவும் அதை விடையாகச் சொல்லவில்லை, எள்ளலாகவே சொன்னார் என்பது என் எண்ணம். ஏனெனில் விடையை அவர் செயலில் காட்டினார். 1909-இல் கணவர் மறைந்த பின் அவர் பெயரால் பெண்கள் பள்ளி தொடங்கினார். 1911-இல் அதைக் கல்கத்தாவுக்கு மாற்றி, 1932-இல் இறக்கும் வரை நடத்தினார்.

இக்கதையை அங்கேயே தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன். மேகத்தில் நீர் இறைக்கும் இடத்தில் சிலர் சிரித்தனர். "நீங்கள் சிரிக்கலாமா?" என்றேன். மேற்கே கேரளக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பியது 1895-இல். சுல்தானாவின் கனவுக்குப் பத்தாண்டு முன்பு. அதற்கும் நூறாண்டு முன் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ யாரேனும் அப்படியொரு கதை எழுதியிருந்தால், பொய் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று பென்னிகுயிக் பெயரில் பொங்கல் வைக்கிறோம். அந்நீரில் விளைந்த சோற்றைத்தான் சற்று முன் உண்டு முடித்தோம்.

எல்லோரும் கலைந்த பின் அக்கா மட்டும் இருந்தார். இனி எழுதப் போவது எங்கள் வீட்டுச் செய்தி. அவர் அனுமதியுடன் எழுதுகிறேன்.

அக்கா எட்டாம் வகுப்புடன் நிறுத்தப்பட்டவர். வகுப்பில் எப்போதும் முதல் மாணவி. நின்ற பிறகு அவருக்கு வெளியுலகம் என்பது நான் வாடகைக்கு எடுத்து வரும் புத்தகங்கள்தாம். அப்போது சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' 1972-இல் புதிதாக வரத் தொடங்கியிருந்தது. அதில் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதன். அடுப்படியில் அரிசி களையும் நேரத்தில் அக்கா அதைப் படிப்பார். ஒருநாள் அத்தா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை, ஏசவில்லை. புத்தகத்தை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அத்தா கொடியவர் அல்லர். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி வாழ்ந்தவர்.

வாடகைக் கடைக்காரருக்குத் தண்டம் கட்ட நான் பட்ட பாடு கிடக்கட்டும். அன்றிரவு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "முடிவு என்னடா தம்பி?" நானும் படித்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், மாயாவி பகைவரை வென்று, ஒரு சிறுமியையும் காப்பாற்றிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுப் போனதாகச் சொல்லி முடித்தேன்.

அரை நூற்றாண்டுக்குப் பின் அன்று மாலை அதை அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். "மாயாவி எங்கேடா பள்ளிக்கூடத்துக்குப் போனான்? அன்றைக்கே தெரியும். நீ சொன்ன முடிவு நன்றாயிருந்தது, விட்டுவிட்டேன்" என்றார். பிறகு, "அந்தச் சுல்தானா ஊரில் சமையல் யார் பொறுப்பு?" என்று கேட்டார். சமையற்கட்டைப் பார்க்கச் சுல்தானா வருகிறாள் என்றதும், அங்கிருந்த ஆண்களை விலகிப் போகச் சொல்லியிருந்தார்கள் என்று கதையில் வருவதைச் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளிருந்து மகன் எட்டிப் பார்த்தார்.

மகனிடம் நான் சொன்னது சுருக்கமானது. தேர்வு வரை இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசி வேண்டாம்; அது கண்ணுக்கும் உறக்கத்துக்கும் நல்லது. கதையை நிறுத்த வேண்டாம். அச்சுப் புத்தகமாக வாங்கிக் கொடுங்கள், நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். வாரம் ஒருநாள் அவள் என்ன படித்தாள் என்று கேளுங்கள். அவர் உடனே சம்மதித்ததாகச் சொல்ல மாட்டேன். "தேர்வு முடியட்டும், பார்ப்போம் மாமா" என்றார்.

பேருந்துக்குக் கிளம்பும்போது பேத்தி வாசல்வரை வந்தாள். சுல்தானாவின் கனவைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாளாம், பாட்டிக்குப் படித்துக் காட்டுவதற்காக. 'மர்தானா' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று கேட்டாள். ஆண்கள் அடைபட்டிருக்கும் அறைக்கு நம் மொழியில் சொல்லே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யோசித்துக் கடிதம் எழுதுவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். வாசகர்கள் எவருக்கேனும் பொருத்தமான சொல் தோன்றினால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். அவளிடம் சேர்ப்பிக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.