முன்னாள் ராணுவ வீரர்களின் பைக் பயணம்: '22' என்ற எண் சொல்வதும் சொல்லாததும்

மே மாத நடுவில் கலிஃபோர்னியாவில் கிளம்பி வாஷிங்டன் வரை போகும் ஒரு பைக் கூட்டம். அதில் ஒரு முன்னாள் ராணுவ வீரருக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் முன்பகுதியில் ஒரு பைக்குக்கான இடம் மட்டும் காலியாகவே நகரும். யாரும் அதை நிரப்ப மாட்டார்கள். போருக்குப் போய்த் திரும்பாதவருடைய இடம் அது.

வியட்நாம் போர் வீரர்கள் 1989-ல் தொடங்கிய இந்தப் பயணத்தின் பெயர் 'ரன் ஃபார் த வால்'. அவர்கள் போய்ச் சேரும் சுவர், 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கிய வியட்நாம் போர் நினைவுச்சுவர்.

எதற்காக இந்தப் பயணம்?

முதலில் ஒரு கணக்குக் கேட்கத்தான். 1973-ல் வியட்நாம் போரில் கணக்கில் வராத அமெரிக்கர்கள் 2,600-க்கும் மேல். 'அவர்கள் என்ன ஆனார்கள்?' என்று கேட்டு, 1988-ல் சுமார் 2,500 பைக்குகளோடு வாஷிங்டனில் தொடங்கியது 'ரோலிங் தண்டர்' பேரணி. 2019 வரை ஆண்டுதோறும் நடந்தது. பிறகு 'ஆம்வெட்ஸ்' என்ற முன்னாள் வீரர்கள் அமைப்பு அதைத் தொடர்ந்தது. இப்போது காணாமல்போனவர்களோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: தினமும் 22 முன்னாள் வீரர்கள் தற்கொலை.

22 எங்கிருந்து வந்தது?

அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறையின் 2012-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் வந்த மதிப்பீடு அது. 21 மாநிலங்களின் இறப்புப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களே அதில் இல்லை. இன்னொரு விஷயம், இராக், ஆப்கானிஸ்தான் போன இளைஞர்கள்தான் இறக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோணலாம். ஆனால் அந்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் 50 வயதைத் தாண்டியவர்கள்.

2016-ல் நாடு முழுவதும் தரவு திரட்டியபோது எண் 20 ஆனது. 2022-ல் 6,407 பேர், அதாவது நாளுக்கு 17.6. 'அப்போ குறைஞ்சிடுச்சே' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கணக்கிடும் முறை மாறியிருக்கிறது. அந்த 20-ல் பணியில் இருக்கும் வீரர்களும் உண்டு, 17.6-ல் இல்லை. முன்னாள் வீரர்களின் மொத்த எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது.

2016 அறிக்கையில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய எண் வேறு. அந்த 20 பேரில் நலத்துறை மருத்துவச் சேவைக்கு வந்தவர்கள் 6 பேர்தான். மீதி 14 பேர் அந்தப் பக்கமே வரவில்லை.

பைக் என்ன செய்யும்?

சிகிச்சை தராது. ஆனால் அந்த 14 பேரைப் போன்றவர்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரும். ராணுவம் போலவே வண்டிகளைப் பிளட்டூன்களாகப் பிரிக்கிறார்கள். எல்லாரும் கையசைவில் பேசிக்கொள்ள, ஒவ்வொருவரும் பக்கத்து வண்டியை நம்பி ஓட்ட வேண்டும். மருத்துவரிடம் வாய் திறக்காத ஒருவர், பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும்போது பழைய சகாவிடம் பேசிவிடலாம். ஆனால் பயணம் பத்து நாளில் முடிந்துவிடும், பதினோராம் நாள் அவர் மறுபடியும் தனியாள். அதன் பிறகு யார் அவருக்கு போன் செய்கிறார்கள் என்பதில்தான் இந்தப் பயணத்தின் பலன் இருக்கிறது.

இந்தியாவில்?

கார்கில் வெற்றியின் 25-ஆம் ஆண்டையொட்டி 2024-ல் நம் ராணுவம் தனுஷ்கோடி, துவாரகா, தின்ஜான் ஆகிய மூன்று முனைகளிலிருந்து திராஸுக்கு பைக் பயணம் நடத்தியது. வழியில் முன்னாள் வீரர்களையும், போரில் இறந்தவர்களின் குடும்பங்களையும் சந்தித்தார்கள். ஆனால் நமக்கென்று ஒரு '22' இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலை அறிக்கையில் 'ஓய்வு பெற்றவர்கள்' என்ற பிரிவு உண்டு, முன்னாள் ராணுவத்தினர் என்று தனிப் பிரிவு கிடையாது.

22 ஒரு குறைபாடுள்ள எண்தான். ஆனாலும் அதைச் சொல்லித்தான் ஒரு நாட்டைக் கேள்வி கேட்க முடிந்தது. எண்ணப்படாதவர்களுக்காக நாம் எதைச் சொல்லிக் கேட்பது?

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். டெலி மானஸ் கட்டணமில்லா உதவி எண்: 14416. தமிழ்நாட்டில் 104.)