கறுப்புக்குள்ள இருக்கிற கறுப்புகள்

லயனல் வென்ட் எடுத்த படம் ஒன்றைப் போனில் காட்டினேன். பார்த்த நண்பன் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே இருட்டா இருக்கு மச்சான். கொஞ்சம் எடிட் பண்ணியிருக்கலாம்."

சிரிப்பு வந்தது, பிறகு கவலையாவும் இருந்தது. 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் இறந்த வென்ட், இங்கத்தைய மனிதர்களின் உடம்பைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கறுத்த தோளில் விழுகிற வெளிச்சம் முதுகில் மெல்ல மெல்ல இறங்கி நிழலாகிறதுதான் அந்தப் படங்களின் உயிர். போனில் அந்த இறக்கம் வந்து சேரவே இல்லை.

ஏன்? வழமையாக நாங்கள் பார்க்கிற ஜேபெக் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் 256 படிகள்தான். நிழலுக்குரிய அடிப்படிகள் ஒன்றையொன்று ஒட்டினமாதிரி இருக்கும். பஸ் யன்னல் வெளிச்சம் ஸ்கிரீனில் பட்டால் முதலில் காணாமல் போறது அதுகள்தான். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும். 'இது கண்ணுக்குத் தெரியாது' எண்டு மென்பொருள் கணக்குப்போடுகிற சின்ன வித்தியாசங்கள் கழிபடும். மிச்சத்தை நைட் மோடின் மஞ்சள் பார்த்துக்கொள்ளும்.

இது கலைப்படங்களின் பிரச்சினை மட்டுமில்லை. எங்கட பக்கம் 'எடிட் பண்ணு' எண்டால் பெரும்பாலும் 'வெள்ளையாக்கு' எண்டுதான் அர்த்தம். கலியாணவீட்டுப் படங்களில் அம்மம்மாவின் முகம் மா பூசினமாதிரி வெளிறியிருக்கும். பியூட்டி ஃபில்டருக்குச் சுருக்கமும் நிழலும் பிழைகள். பிலிம் காலத்திலும் இதே கதைதான். கொடாக்கின் 'ஷேர்லி' அட்டையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோலை வைத்துத்தான் லாப்களில் நிறம் சரிபார்த்தார்கள். கருவி மாறிவிட்டது. யாருடைய தோல் அளவுகோல் எண்ட கேள்வி அப்படியே இருக்கு.

நிறம் சரிபார்த்த மொனிட்டர் வாங்க எங்களில் எத்தனை பேரிட்ட காசிருக்கு? அது தேவையுமில்லை. நைட் மோடை நிப்பாட்டுங்கோ. வெளிச்சம் ஸ்கிரீனில் விழாத இடத்தில் இருந்து பாருங்கோ. நல்ல படத்தை டொக்கியுமென்டாக அனுப்புங்கோ. ஏலுமெண்டால் அச்சில் பாருங்கோ.

அதுக்குப் பிறகும் இருட்டாத் தெரிந்தால், பிரைட்னஸைக் கூட்ட முதல் கொஞ்சம் பொறுங்கோ. இருட்டறைக்குள் போனாலும் கண் பழக நேரம் எடுக்கும்தானே.

அதே படத்தை அண்டைக்கு இரவு, அறை லைட்டை நிப்பாட்டிவிட்டு, லப்டொப்பில் நண்பனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "முள்ளந்தண்டு தெரியுதடா" எண்டான்.