ஓநாய் மனிதனை வரைந்தால் காப்பியாம்!

போன மாதம் அரியலூரில் ஓர் ஓவியப் போட்டிக்குப் போயிருந்தேன். தலைப்பு உங்கள் விருப்பம் என்றார்கள். நானும் அதை நம்பி, இரும்புக்கை மாயாவியும் ஓநாய் மனிதனும் கட்டிப் புரளும் சண்டையை வரைந்து கொடுத்தேன். நடுவர் பார்த்தார். "இது காப்பி தம்பி. அதுவும் ஒரே வன்முறை. சொந்தமா ஏதாவது வரையக் கூடாதா?" என்றார்.

சரி, போகட்டும். முதல் பரிசு வாங்கிய படம் எது தெரியுமா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, வளைந்து ஓடும் ஆறு, வானத்தில் டிக் மார்க் மாதிரி நாலு காக்கா...

ஐயா, அதுதானே காப்பி! மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லோரும் வரையும் அதே படம். எங்கள் பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அங்கே சூரியன் மறையத்தான் செய்யும், உதித்ததாக வரலாறே கிடையாது. எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிவது மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் லாரியும். அதையெல்லாம் ஒருத்தரும் வரையவில்லை.

என் படத்துக்கு வருவோம். மாயாவி 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தார். மார்வெலின் ஓநாய் மனிதன் ஜாக் ரஸ்ஸல் தலைகாட்டியதும் அதே 1972-ல்தான். அதற்கு ரொம்ப முன்னால் வந்திருக்கவும் முடியாது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954-ல் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதியில் ஓநாய் மனிதனுக்குத் தடை. 1971-ல்தான் தளர்த்தினார்கள். பதினேழு வருஷம்! நம்ம நடுவர் மாதிரி ஆட்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

இவர்கள் இருவரும் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் மோதியதில்லை. அப்புறம் எதைப் பார்த்து நான் காப்பி அடிப்பது? மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும்தான் தெரியும். ஆளே தெரியாத ஒருவர் ஓநாயின் கழுத்தை நெரிக்கிறார் என்பதை எப்படிக் காட்டுவது? விரல் பதிந்த இடத்தில் ரோமம் அமுங்க வேண்டும். புழுதியில் ஷூ தடம் விழ வேண்டும். ஓநாயின் மொத்த எடையும் பின்னங்கால்களுக்குப் போக வேண்டும். அந்தக் காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பது முட்டி இல்லை, குதிகால் என்பதே எங்கள் தெருநாயைப் பத்து நாள் உட்கார்ந்து வரைந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. (பதினோராம் நாள் அது என்னைத் துரத்தியது, அது தனிக்கதை.) இரண்டு மலை வரைய இந்தத் தலைவலி உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது வன்முறை. நரசிம்மர் யார்? பாதி சிங்கம், பாதி மனிதர். அவருடைய உக்கிரத்தை அடக்கச் சிவன் சரபராக வந்தார் என்பது சைவர்கள் சொல்லும் கதை. (வைணவ நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கதையில் முடிவு வேறு என்று தெரியும்!) கும்பகோணம் பக்கத்தில் தாராசுரம் கோயிலில் சரபர் நரசிம்மரைப் பிடித்திருக்கும் சிற்பம் இருக்கிறது. திருபுவனத்தில் சரபருக்குச் சந்நிதியே உண்டு. கதை சிற்பி சொந்தமாக யோசித்தது இல்லை, பாத்திரங்களும் அவருடையவை இல்லை. சோழர் காலத்துச் சிற்பி மோதவிட்டால் கலை, நான் மோதவிட்டால் குப்பையா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அடுத்தவர் வரைந்த பக்கத்தை டிரேஸ் எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது திருட்டுதான். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி தட்டினால் ஓநாய் சில நொடிகளில் வந்து நிற்கிறது. அதை 'நான் வரைந்தது' என்று நீட்டுகிறவர்களிடம் போய் 'காப்பி' என்று சொல்லட்டும், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

படம் மூலையில் டீக்கறையோடு திரும்பி வந்துவிட்டது. இப்போது பார்த்தால் ஓநாயின் இடது காது சரியில்லை, தலையில் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. நடுவர் அதைச் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.