நாற்று விற்பனை: விதைக்கும் முன்பே வாங்குபவரைத் தேடுங்கள்

கேள்வி: ஓசூர் அருகே ஒரு ஏக்கரில் தக்காளி, கோஸ் பயிரிடும் குடும்பம். தக்காளி விலை அடிக்கடி சரிகிறது. மாசி, பங்குனி மாதங்களில் காய்கறி நாற்று வளர்த்து விற்றால் நிலையான வருமானம் கிடைக்குமா?

- ஒரு வாசகர், சூளகிரி

பதில்: கிடைக்கும். ஆனால், தக்காளி விலைச் சரிவிலிருந்து தப்பிக்க தக்காளி நாற்றை மட்டுமே நம்பினால் பலன் இருக்காது. ராயக்கோட்டை மண்டியில் விலை ஏறும்போது எல்லோரும் நாற்று தேடுவார்கள். விலை இறங்கினால், முன்பு கேட்டு வைத்தவர்கூட நாற்று எடுக்க வரமாட்டார். காயின் விலை சரிந்தால் நாற்றின் தேவையும் சேர்ந்தே சரியும்.

காயை ஓரிரு நாள் செடியிலேயே விட்டுப் பறிக்கலாம். நாற்றுக்கு அந்த வசதி கிடையாது. குழித்தட்டில் தக்காளி, கோஸ், காலிஃபிளவர் நாற்றுகள் ஏறத்தாழ 25 நாளில் நடவுக்குத் தயாராகும். மிளகாய், குடைமிளகாய்க்கு 35 முதல் 40 நாள் ஆகும். அதற்கு மேல் தட்டிலேயே இருந்தால் வேர் குழிக்குள் சுருண்டு, தண்டு நீண்டு மெலியும். அப்படிப்பட்ட நாற்றை விவரம் தெரிந்த விவசாயி வாங்கமாட்டார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 98 குழி கொண்ட தட்டு 100 வைத்தால் 9,800 குழிகள். முளைக்காதது, அழுகியது போக 8,800 நல்ல நாற்று தேறும் என்று கொள்வோம். விதை, தென்னை நார்க்கழிவு, கூலி எல்லாம் சேர்ந்து குழிக்கு 60 பைசா செலவு என்றால் மொத்தச் செலவு 5,880 ரூபாய். நாற்று ஒரு ரூபாய்க்குப் போய், எல்லாமே விற்றால் 2,920 ரூபாய் மிஞ்சும். அதில் 3,000 நாற்று தங்கிவிட்டால் வரவு 5,800 ரூபாய்தான். கையிலிருந்து 80 ரூபாய் போகும். இவை உதாரணத்துக்காக வைத்த விலைகள். அவரவர் ஊர் விலையைப் போட்டு, பந்தல் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே, முதலில் வாங்குபவர், பிறகு விதை. அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் ரகம், எண்ணிக்கை, நடவுத் தேதி மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, முன்பணம் வாங்கிய பிறகே விதைக்க வேண்டும். விதையை அவர்களே வாங்கிக் கொடுத்து, வளர்ப்புக் கூலி மட்டும் தருவதாக இருந்தால் இன்னும் நல்லது. விதைக்கான பணம் முடங்காது. எல்லாத் தட்டையும் ஒரே நாளில் விதைக்காமல், வாரம் ஒரு பகுதியாக விதைப்பது பாதுகாப்பு.

ஓசூர் பகுதிக்கு இன்னொரு சந்தையும் உண்டு. சிப்காட் தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி முதல் பெங்களூரு வரையிலும் மாடித்தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆயிரம் நாற்று வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், செண்டுமல்லி என்று கலந்து பத்துப் பன்னிரண்டு போதும். விவசாயி எடுக்காமல் விட்ட நாற்றை 25-ம் நாளிலேயே மண், தொழுவுரம் கலந்த சிறிய பாலித்தீன் பைக்கு மாற்றினால், மேலும் இரண்டு வாரம் வைத்து இவர்களுக்கு விற்கலாம். பைக்கும் வேலைக்கும் சேர்த்து விலை வைக்கலாம். ஆனால், இது சில்லறை வியாபாரம். ஆயிரக்கணக்கில் தள்ளிவிட முடியாது.

வளர்ப்பில் நார்க்கழிவு நன்கு மக்கியதாக, உப்பு நீக்கியதாக இருக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கான 238 தட்டுகளுக்கு 300 கிலோ நார்க்கழிவுடன் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 1 கிலோ கலப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விதைத்த தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, முளைவிட்டதும் நிழல்வலைக்குள் பிரித்து வைக்க வேண்டும். கடைசி நான்கைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கி அனுப்பினால் நடவு வயலில் வாடாது.

பங்குனி வெயிலில் வெள்ளை ஈ பெருகும். தக்காளி இலைச்சுருட்டு வைரஸைப் பரப்புவது அதுதான். நிழல்வலை மட்டும் அதைத் தடுக்காது. சுற்றிலும் 40 அல்லது 50 மெஷ் பூச்சித் தடுப்பு வலை, இரட்டைக் கதவு, மஞ்சள் ஒட்டும் பொறி தேவை. பழைய தக்காளிச் செடிகள் நாற்றங்கால் அருகே நிற்கக் கூடாது. ஒரு தட்டில் சுருட்டல் தெரிந்தால் அந்த நாற்றை அழித்துவிட வேண்டும். குறைந்த விலைக்குக்கூட விற்கக் கூடாது. வாங்கியவருக்கு உழவு, சொட்டுநீர், மூன்று மாத உழைப்பு எல்லாமே போகும். விற்றவருக்கு அடுத்த பட்டத்தில் ஊரில் ஒரு ஆர்டரும் வராது.

விற்பனைக்கு நாற்று வளர்ப்பவர், 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் பெற வேண்டும். விதை ஆய்வாளர் அலுவலகத்தில் விண்ணப்ப விவரம் கிடைக்கும். விதை வாங்கிய ரசீதையும் காலிப் பையையும் பத்திரப்படுத்தி, ரகம், குவியல் எண், விதைத்த தேதி குறித்த ரசீதை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். ரகம் மாறிவிட்டதாகப் புகார் வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

பசுமைக்குடில், நிழல்வலை அமைப்புகளை நேரில் பார்க்க, தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் இயங்கும் கொய்மலர் மகத்துவ மையத்துக்குப் போய் வரலாம். முதல் ஆண்டு 100 தட்டு போதும். கடன் வாங்கிப் பெரிய குடில் போட வேண்டாம். விதைத்தது, விற்றது, தங்கியது மூன்றையும் நோட்டில் எழுதி வந்தால், அடுத்த மாசியில் எத்தனை தட்டு கூட்டலாம் என்பது தெரிந்துவிடும்.