கோடையில் பொங்கும் மாவு

கோடையில் இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்கி வழிவதும், விடிவதற்குள் புளித்து அடங்கிப்போவதும் ஒரே கோளாறுதான். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். இரவிலும் வெக்கை தணியாது. மாலையில் ஆட்டி வைத்த மாவு நள்ளிரவுக்கு முன்பே ட்ரம்மின் விளிம்பைத் தொட்டுவிடும். மாவு வியாபாரிகள் பலரும் இதற்கு ஃப்ரிட்ஜைத்தான் நம்புகிறார்கள். ஆனால் புளிப்பின் வேகம் ஊறப்போடும்போதும் ஆட்டும்போதுமே முடிவாகிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் அதன் பிறகுதான் வருகிறது.

மாவைப் பொங்கவைப்பது முக்கியமாக ஈஸ்ட் அல்ல, லூக்கனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 1965-இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. இது வெளியிலிருந்து சேர்ப்பதல்ல. தானியத்தோடு வருவது, ஊறும்போதே பெருகத் தொடங்குவது. லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்தே உண்டாக்கும். அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் கொழகொழப்பும் என்பதை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வாளர்கள் 1970-களில் விளக்கினார்கள். லூக்கனாஸ்டாக்குக்குப் பிடித்த சூடு 20 முதல் 30 டிகிரி வரை. அதற்கு மேலே போகப்போக, வாயு தராமல் அமிலத்தை மட்டும் தரும் பாக்டீரியாக்களின் கை ஓங்கும். கோடை மாவு வேகமாக ஏறி, பிறகு சட்டென்று இறங்கி, வாயில் வைக்க முடியாதபடி புளிப்பது இதனால்தான்.

எனவே முதலில் கவனிக்க வேண்டியது ஊறல். குளிர்காலத்தில் நான்கைந்து மணி நேரம் ஊறும் உளுந்துக்குக் கோடையில் இரண்டரை, மூன்று மணி நேரம் தாராளம். ஊறிய தண்ணீரின் மேல் நுரை கட்டி லேசான புளிப்பு வாடை வந்தால், ஆட்டுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தண்ணீரையே கிரைண்டரில் ஊற்றி ஆட்டுவது வீட்டில் நல்ல பழக்கம்; கடைக்கு, அதுவும் மே மாதத்தில், ஆகாது. வடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும்.

அடுத்தது கிரைண்டர். உளுந்து பொங்கப் பொங்க ஆட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் கல்லின் உரசல் மாவைச் சூடாக்குகிறது. போதாக்குறைக்கு மொட்டைமாடி டேங்க் தண்ணீர் பிற்பகலில் கையைச் சுடும். அதை ஊற்றி ஆட்டிய மாவைத் தொட்டாலே வெதுவெதுப்புத் தெரியும். பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்டினால் மாவு 25 டிகிரியை ஒட்டி இறங்கும், உளுந்தும் கூடுதலாகக் காணும். ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும். மீன் கடைக்குப் போகும் ஐஸ் பார் மாவின் பக்கமே வரக்கூடாது. கை வைத்துப் பார்ப்பதை நம்பாமல் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடிக்கிறார்கள். அங்கே உயிர் ஆபத்து, இங்கே மாவு நட்டம் மட்டுமே; ஆனாலும் நேர ஒழுங்கு இங்கேயும் பலன் தரும். விடியற்காலையில் ஆட்டும் கடைக்குப் பாதித் தொல்லை குறைவு.

வீட்டில் பீர் காய்ச்சும் மேலைநாட்டாருக்கும் இதே பாடு உண்டு. (தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் இடம் தராது.) நுரை பொங்கி மூடியைத் தள்ளாமலிருக்க அவர்கள் பாத்திரத்தில் கால் பங்கு இடம் விட்டு, வாயு வெளியேறத் தடித்த குழாய் ஒன்றும் வைப்பார்கள். ஆனால் தேர்ந்தவர்கள் குழாயைவிட, ஈஸ்ட் சேர்க்கும் முன் பீராகப்போகும் தானியச் சாற்றைக் குளிரவைப்பதையே பெரிதாக நினைப்பார்கள்.

ட்ரம்மைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. இருபது கிலோ மாவு ஒரே ட்ரம்மில் இருந்தால், சுற்றிலும் குளிர்ந்தாலும் நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்த ட்ரம்மும் பொங்குவது அதனால்தான். அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கும். முந்தின நாள் மாவு ஒட்டியிருக்கும் ட்ரம்மில் புது மாவை ஊற்றுவது உறை ஊற்றுவதற்குச் சமம். வெந்நீரில் கழுவிக் காயவைத்த ட்ரம் வேண்டும்.

கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுப் புளிப்பை நிறுத்தலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. ஆனால் புளிக்கவைக்க நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உப்பிட்ட முட்டைக்கோஸிலும் லூக்கனாஸ்டாக் தாராளமாக வளரும். வாய்க்கு ஏற்ற உப்பு அதைத் தடுக்காது; தடுக்கும் அளவு உப்பு வாய்க்கு ஆகாது.

பாக்கெட் மாவு தனிக் கதை. வாயு போக வழியில்லாமல் சீல் வைத்த கவர் கடையில் இரவு ஃப்ரிட்ஜை அணைத்ததும் உப்பத் தொடங்கும். பட்டாசு ஊரில் மாவு பாக்கெட் வெடித்தது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். திருப்பி எடுக்கும் வியாபாரிக்கு இல்லை. ஆட்டிய மாவை 4, 5 டிகிரிக்குக் குளிரவைத்த பிறகே அடைக்க வேண்டும். வாயு வெளியேறும் வால்வு உள்ள கவர் கிடைக்கிறது. விலை கட்டுப்படியாகாதவர்கள் கவரில் மேலே நாலு விரல் இடமாவது விட வேண்டும்.

பொங்கிவிட்ட மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்கக்கூடாது. வாயு போய் இட்லி கல்லாகும். மேல் மாவை அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு எடுத்து உடனே குளிரில் வைக்கலாம். புளிப்பு ஏறிவிட்டால் அப்போது ஆட்டிய மாவைச் சேர்த்து ஊத்தப்பத்துக்கோ குழிப்பணியாரத்துக்கோ கொடுக்கலாம். ஆப்பசோடா போட்டுப் புளிப்பை மறைப்பது வேண்டாம். மாவைக் கெடாமல் காப்பதே அந்த அமிலம்தான். அதை முறித்தால் அந்தக் காவலும் போய்விடும். நிறம் மாறி, நூல் விட்டு, கெட்ட வாடை வந்த மாவு குப்பைக்கு.