நடங்கள் என்று சொன்னால் போதுமா?

நடைப்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது நம் எல்லோருக்கும் மனப்பாடம். சர்க்கரைக்கு மாத்திரை எழுதும்போதெல்லாம் டாக்டர் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து பிள்ளை சொல்கிறான். வாட்ஸப்பில் தினமும் காலையில் யாராவது ஒருவர் அனுப்பி விடுகிறார். நான் எழுத வந்தது, இத்தனை பேர் சொல்லியும் நடக்க வராதவர்களைப் பற்றி.

விடியற்காலையில் நம் நகரியத்துச் சாலைகளைப் பாருங்கள். 1956இல் நிறுவனம் பிறந்த பிறகு, வட்டம் வட்டமாகத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மர நிழல். எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? ஆனால் நடப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ரிட்டயர் ஆன ஆண்கள் நாலைந்து பேராக அரசியல் பேசிக்கொண்டு போவார்கள். பெண்கள் குறைவு. அவர்களிலும் முஸ்லிம் பெண்கள் மிகக் குறைவு. கணவரின் வேலைக்காக வடக்கேயிருந்து வந்து இன்னும் தமிழ் பழகாத பெண்களும் அப்படித்தான்.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, "வீட்டு வேலையே அவங்களுக்கு எக்சர்சைஸ்தானே." இன்னொன்று, "அவங்க வீட்டுல விட மாட்டாங்க, மதம் அப்படி." இரண்டையுமே நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்று வாளியும் போய் வெகு காலமாகிறது. மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்த பிறகு, நாள் முழுக்க நின்றபடி வேலை செய்தாலும் மூச்சு வாங்குகிற வேலை குறைந்துவிட்டது. களைப்பு மட்டும் குறையவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டது. அதில் 54 சதவீதம் பேருக்குப் போதிய உடல் அசைவு இல்லை. 2024இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த கணக்குப்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேரும், ஆண்களில் 42 சதவீதம் பேரும் இந்த நிலையில் இருக்கிறார்கள். இது எல்லா மதத்துப் பெண்களுக்கும் சேர்த்த கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம்.

இரண்டாவது பதிலுக்கு மும்பை பக்கத்து மும்ப்ராவைப் பார்க்க வேண்டும். 1992-93 கலவரத்துக்குப் பிறகு ஏராளமான முஸ்லிம் குடும்பங்கள் குடியேறிய ஊர் அது. அங்கே 'பர்ச்சம்' என்ற பெண்கள் அமைப்பு, பெண் பிள்ளைகளைக் கால்பந்து ஆட அழைத்தது. மைதானமெல்லாம் பையன்கள் கையில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, எங்களுக்கும் விளையாட இடம் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். முக்காடு போட்ட பிள்ளையும் போடாத பிள்ளையும், முஸ்லிம் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் சேர்ந்து ஆடினார்கள். மதத்தை யாரும் மாற்றச் சொல்லவில்லை. இடம்தான் கேட்டார்கள்.

பெரிய இடங்களிலும் தடையாக இருந்தது விதிதான். தலையை மூடிக்கொண்டு ஆடலாம் என்று சர்வதேசக் கால்பந்துக்காரர்கள் 2014இல் ஒப்புக்கொண்டார்கள். கூடைப்பந்துக்காரர்கள் 2017இல்தான் இறங்கி வந்தார்கள். அதுவரை எத்தனை பெண்கள், துணியா பந்தா என்ற கேள்விக்குப் பயந்து ஒதுங்கினார்களோ!

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஆறாம் வகுப்பில் மைதானத்தைச் சுற்றி ஓடிய பெண் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் "உடம்பு சரியில்லை டீச்சர்" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கும். வேடிக்கை பார்க்கிறவர்களின் கண்தான் சரியில்லை. அன்று மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் ஐம்பது வயதில் "நடங்கம்மா" என்று சொல்கிறோம்.

குவார்ட்டர்ஸில் இருந்தபோது எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா. சர்க்கரை ஏறிவிட்டது, நடக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். "வாங்களேன்" என்றேன். "டீச்சரம்மா, நீங்க கூட வர்றதா இருந்தா வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். பஜ்ர் தொழுகை முடித்து, புர்காவின் கீழே மகனுடைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வருவார். நாலு வருடம் நடந்தோம். கணவர் ரிட்டயர் ஆகி, வீட்டைக் காலி செய்து வெளியே போனார்கள். அங்கே நடைபாதை கிடையாது, விளக்கு கிடையாது, நாய்த் தொல்லை வேறு. கூட வரவும் ஆளில்லை. நடை நின்றது. இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவருக்கு மனமில்லாமல் போகவில்லை. சாலையும் துணையும்தான் இல்லாமல் போயின.

சென்னையில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. ஆசியாட் காலனியில் நீரிழிவு ஆய்வு நடந்தபோது, மருத்துவர்கள் புத்திமதி சொன்னதோடு, அங்கே குடியிருந்தவர்களே தங்கள் பணத்தைப் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் சுமார் 14 சதவீதம். ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோது 59 சதவீதத்தை எட்டியிருந்தது. புத்திமதியோடு இடமும் சேர்ந்ததால் வந்த மாற்றம் இது.

லண்டனில் பிள்ளை வீட்டுக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே சில பொது நீச்சல் குளங்களில் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. காவலுக்கும் பெண்ணே நிற்பார். அங்கே நம் தமிழ்ப் பெண்களும் சிறுபான்மைதான். புடவையும் தயக்கமுமாய் அந்த ஊரில் நிற்கும் நம் அம்மாக்களுக்கு அந்த ஏற்பாடு நல்லது என்றால், நம் ஊரில் தயங்கி நிற்கும் பெண்களுக்கும் அது நல்லதுதானே?

"ஒரு சாராருக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் கேட்பது முஸ்லிம்களுக்கான மணி நேரமல்ல, பெண்களுக்கான மணி நேரம். அதில் அக்ரஹாரத்து மாமியும் வரலாம், ஒடியா பேசும் மருமகளும் வரலாம். யாருக்கு ரொம்பக் கூச்சமோ அவருக்கு வசதி செய்தால் மற்ற எல்லோருக்கும் தானாகவே வசதி வந்துவிடும்.

நம் ஊரில் மைதானங்களுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரு மைதானத்தில், ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று வையுங்கள். சொல்லித் தர ஒரு பெண் பயிற்சியாளரை அமர்த்துங்கள். எந்த உடையில் வந்தாலும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நேரத்தை நாமே முடிவு செய்யாமல் அவர்களைக் கேட்டு வையுங்கள். சமையல், ஷிப்ட்டுக்குப் போகிறவரின் சாப்பாட்டு டப்பா, தொழுகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் போக எது மிஞ்சும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நோன்பு மாதத்தில் அதை மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

இதற்கெல்லாம் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் பெண்களில் தினமும் நடக்கிறவர்கள், உங்கள் தெருவில் நடக்காத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "நடங்க" என்று சொல்லாதீர்கள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேளுங்கள்.