சொல்லின் கதை: நவச்சாரம்

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர்கள் இன்று அருகிவிட்டார்கள். ஆயினும் அவர்கள் வேலையைப் பார்த்த நேயர்கள் பலர் இருப்பார்கள். பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, ஒரு வெள்ளைப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பார்கள். மூக்கைத் துளைக்கும் வெண்புகை எழும். பிறகு வெள்ளீயம் பளபளவென்று பரவும். அந்தப் பொடியே நவச்சாரம். சூட்டில் அது அம்மோனியா வாயுவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரிகிறது. அமிலம் களிம்பைப் போக்குவதால் ஈயம் நன்கு பற்றுகிறது.

பாட புஸ்தகத்தில் இதற்கு அம்மோனியம் குளோரைடு என்று பெயர். நவச்சாரம் என்பது பாமரர் பேச்சு, மற்றதே சாஸ்திரீயமான பெயர் என்று மாணவர்கள் மட்டுமன்றிப் பெரியோர் சிலரும் எண்ணுகிறார்கள். அந்த சாஸ்திரீயப் பெயரின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிப்போம்.

எகிப்து தேசத்தின் மேற்கே, பாலைவனத்தின் நடுவில் ஸீவா என்ற பசுஞ்சோலை இருக்கிறது. பண்டை எகிப்தியர் வழிபட்ட ஆமுன் என்னும் தெய்வத்துக்கு அங்கே ஒரு கோயில் இருந்தது. கிரேக்கர் அத்தெய்வத்தை அம்மோன் என்றனர். கி.மு. 331-ல் அலெக்ஸாந்தர் அங்கே சென்று குறி கேட்டான். அப்பிரதேசத்தில் கிடைத்த உப்பை ரோமர் 'அம்மோனின் உப்பு' என்று வழங்கினர். அது நவச்சாரமே அன்று, வெறும் கல்லுப்புத்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து!

பிற்காலத்தில் எகிப்தியர் ஒட்டகச் சாணத்தை எரித்து, அதன் புகைக்கரியைக் கண்ணாடிக் குடுவைகளில் காய்ச்சி வேறோர் உப்பை எடுத்தனர். பழைய பெயர் இப்புதிய உப்பின்மேல் ஏறிக்கொண்டது. 1782-ல் ஸ்வீடன் தேசத்து ரஸாயன அறிஞர் பெர்க்மன், இவ்வுப்பிலிருந்து வெளிப்படும் வாயுவுக்கு அம்மோனியா என்று பெயரிட்டார்.

ஆக, சாஸ்திரீயப் பெயரின் முற்பாதியில் இருப்பது ஒரு பழங்கோயிலின் தெய்வமும், ஆள் மாறிய ஓர் உப்புமே. நம் சொல்லும் தேசங்கள் சுற்றியதுதான். பாரசீகத்தில் நௌஷாதர், ஹிந்தியில் நௌஸாதர், வடமொழி ரஸ நூல்களில் நவஸாரம் என்று அதன் சுற்றத்தார் இருக்கிறார்கள்.

புதிய பெயருக்கு ஒரு பெருமை உண்டு: உப்பு எவற்றால் ஆனது என்பதை அது சொல்லும். மாணவன் அதைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அதற்காக வீட்டுச் சொல்லைக் கண்டு நாணவேண்டியதில்லை. அவன் அம்மோனியம் குளோரைடு என்று உருப்போடும்போது, "அதுதானப்பா நவச்சாரம்" என்று சொல்லிவையுங்கள். ரஸாயனம் பள்ளிக்கூடத்துப் புட்டிக்குள் மட்டும் இல்லை, பாட்டியின் பாத்திரத்திலும் இருந்தது என்பதை அவன் அறிந்துகொள்வான்.